விட்டு வைத்த நரை

ராஜகீழ்ப்பாக்கம்
12.2.1989

அன்புள்ள ஜெயக்கொடிக்கு மாமன் துளசிங்கம் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும், உன் அத்தை கிளியம்மாளும், கொட்டகையில் பசுவும், வாசலில் விற்பனைக்கு அடுக்கிய செங்கல்லும் சௌக்கியம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை ஜெயவேலுவும் அப்படியே இருக்கத் திருநீர்மலைப் பெருமாளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு கடிதம் போடவில்லை என்று கோபிக்காதே. அத்தைக்குக் காய்ச்சல். தாம்பரத்துக்குத் தெற்கே இதுவரை எவருக்கும் வராத காய்ச்சல், மூளைக்கே ஏறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பெரிய டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "துளசிங்கம், இந்தம்மா பிழைத்தது எங்கள் மருந்தால் இல்லை, உங்கள் தைரியத்தால்" என்றார். பக்கத்தில் நின்ற நர்சு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுகிறாள். கவலை வேண்டாம்.

ஒரு அதிசயம் சொல்கிறேன் கேள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து எனக்கு அவள் தரும் மரியாதை ஊரில் எந்தப் புருஷனுக்கும் கிடைக்காது. நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கிறாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்கிறாள். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டை எடுக்கிறாள். 'மச்சான்' என்று அதட்டிக்கொண்டிருந்தவள் இப்போது வாய் நிறைய 'மாமா' என்கிறாள். புதுப்பெண் கெட்டாள்.

கை நடுங்குவதால் இந்த முறை அவள் தன் இரண்டு வரியை எழுதவில்லை. மற்றவை நலம்.

இப்படிக்கு,
உன் மாமன் துளசிங்கம்


மஸ்கட்
2.3.1989

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் ஜெயா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வந்தபோதே ஏன் தந்தி கொடுக்கவில்லை?

அத்தை உங்களைப் பார்த்து எழுந்து நிற்கிறார்களா? "இன்னா மச்சான், கால்ல சேத்தோட உள்ள வர்றீங்க" என்று கரண்டியோடு வருவார்களே, அவர்களா? உங்கள் மாப்பிள்ளை சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் கடிதத்தின் ஓரத்தில் அத்தையின் இரண்டு வரி இல்லாமல் இருந்ததில்லை. உங்கள் நான்கு பக்கத்தைவிட எனக்கு அதுதான் சேதி. கை நடுங்கினாலும் பரவாயில்லை, ஒரு கோடாவது போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜெயா


ராஜகீழ்ப்பாக்கம்
20.3.1989

அன்புள்ள ஜெயாவுக்கு, மாமனும் அத்தையும் குறையில்லாமல் இருக்கிறோம். மாப்பிள்ளைக்கு வேலை கூடியிருப்பதாகக் கேள்விப்பட்டோம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அத்தை கோடு போடுவதென்ன, கோலமே போடுகிறாள். நேற்று வாசலில் அவள் போட்ட கோலத்தைப் பார்க்க வேளச்சேரி ரோட்டில் போன பஸ் நின்றுவிட்டது. எழுதத்தான் இன்னும் மனசு வரவில்லை.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாட்களில் என் தலை முழுக்க வெளுத்துவிட்டது. காய்ச்சல் அவளுக்கு, வெள்ளை எனக்கு. உன் அத்தைக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை, அவர்கள் வம்சமே அப்படி. என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம், செத்துப்போன எங்கப்பாவே எழுந்து வந்தது மாதிரி இருக்கிறது என்கிறார்கள். பக்கத்து வீட்டு லாசரஸ் அண்ணன், ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிட்டையர் ஆனவர், என்னைவிட மூத்தவர், அவரே ஒரு நாள் "வாங்க பெரியவரே" என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

அதனால் எனக்கு ஒரு டை வேண்டும். கறுப்பு. இங்கே விற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அங்கே கிடைப்பதிலேயே உயர்ந்தது எதுவோ அது. லாசரஸ் அண்ணன் மகள் கல்யாணம் வருகிறது, நான்தான் முன்னால் நின்று நடத்த வேண்டும் என்று பிஷப்பே சொல்லி அனுப்பியிருக்கிறார். சீக்கிரம் அனுப்பு. ரொம்ப சீக்கிரம்.

ஆசிகளுடன்,
துளசிங்கம்


மஸ்கட்
11.4.1989

அன்புள்ள மாமாவுக்கு ஜெயாவின் வணக்கம். இருவரும் நலம்.

நீங்கள் கேட்டது வியப்பாக இருந்தாலும் இவருக்குச் சந்தோஷம். கடைகடையாக ஏறி, பட்டில் கறுப்பு டை வாங்கியிருக்கிறார். லீவில் வரும் குரோம்பேட்டை நண்பர் கையில் கொடுத்திருக்கிறோம். கட்டத் தெரியாவிட்டால் லாசரஸ் சாரைக் கேளுங்கள், அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுவாரே. வெள்ளைச் சட்டையில் கட்டினால் எடுப்பாக இருக்கும்.

இந்த முறையும் அத்தையின் எழுத்து இல்லை. ஏன் மாமா?

அன்புடன்,
ஜெயா


ராஜகீழ்ப்பாக்கம்
8.5.1989

அன்புள்ள ஜெயாவுக்கு, கத்திரி வெயிலைத் தவிர இங்கே யாவும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

கண்ணு, நான் கேட்டது தலைக்கு அடிக்கிற டை. நீ அனுப்பியது கழுத்தில் கட்டுகிற டை. பொட்டலத்தைப் பிரித்துவிட்டு பேபி அக்கா, லாசரஸ் அண்ணன் வீட்டுக்காரம்மா, சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னா துளசிங்கம், இத்த தலையில சுத்திக்கினா நரை தெரியாது" என்கிறார் அண்ணன்.

ஆனால் வந்த பொருளை வீணாக்கலாமா? கட்டிக்கொண்டு கேம்ப் ரோடு வரை நடந்தேன். ஏர்போர்ஸ் கேட்டில் நின்ற சிப்பாய் எனக்கு சல்யூட் அடித்தான். கையை எடுக்கவே இல்லை, நான் திரும்பிப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகுதான் எடுத்தான். அதே கோலத்தில் வீட்டுக்கு வந்தேன். அத்தை என்னைப் பார்த்ததும் பாயில் உட்கார்ந்து, நாக்கை நீட்டினாள். டாக்டர் என்று நினைத்துவிட்டாள். நானும் எட்டிப் பார்த்து, நாக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். தமாஷ்தான்.

டை இல்லாவிட்டால் போகிறது என்று மருதாணியை அரைத்து, டீத்தூள் டிகாக்‌ஷன் ஊற்றி, இரும்பு வாணலியில் ஊறவைத்துத் தலையில் அப்பினேன். கழுவினால் என் தலையும் வாசலில் அடுக்கியிருக்கும் செங்கல்லும் ஒரே நிறம். செங்கல் வாங்க வந்தவர் என் தலையைத் தொட்டு, "இந்த லோடு நல்லா வெந்துகீது" என்றார். அத்தை, "மாமா, தலையில இன்னா, செம்மண்ணா?" என்று கேட்டு, துண்டை என் கையில் கொடுக்காமல் தள்ளி நின்று தரையில் வைத்தாள். அவ்வளவு மரியாதை.

ஆசிகளுடன்,
துளசிங்கம்


மஸ்கட்
25.5.1989

மாமா,

நலம் விசாரித்து எழுத இன்று மனசு ஒப்பவில்லை.

அத்தை ஒருவருக்கு மட்டும்தான் எழுந்து நிற்பார்கள். ஒருவருக்கு மட்டும்தான் தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுக்காமல் தரையில் வைப்பார்கள். தாத்தாவுக்கு. 'மாமா' என்று அத்தை கூப்பிட்டதும் அவரை மட்டும்தான், தாய்மாமனும் மாமனாருமாக இருந்தவரை. சின்ன வயதில் நான் அத்தையின் பின்னால் நின்று அதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

தாத்தா போய் எத்தனை வருஷம் ஆகிறது. அத்தை உங்களை யார் என்று நினைக்கிறார்கள், மாமா? சல்யூட் அடித்த சிப்பாய் வேண்டாம். இதை மட்டும் சொல்லுங்கள்.

ஜெயா


ராஜகீழ்ப்பாக்கம்
3.7.1989

அன்புள்ள ஜெயா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இத்தனை நாள் சுற்றினேன்.

நீ நினைத்தது சரி. காய்ச்சல் போகும்போது அவளுடைய முப்பது வருஷத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நிற்கிறாள். அவள் கணக்கில் நான் காய்கறி மூட்டையோடு தாம்பரம் மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன். வீட்டில் இருக்கும் வெள்ளைத் தலை என் அப்பா.

சாயந்திரம் ஆனால் வாசல்படியில் நின்று கேட்பாள்: "மாமா, அவுரு இன்னும் வரலியே. மாட்டுக்கு எதுனா ஆயிருக்குமா?"

"வந்துடுவாம்மா. நீ போய் சாப்புடு" என்பேன்.

"அவுரு வரட்டும் மாமா."

என் சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு வைத்த சோற்றை நான் சாப்பிட முடியாது.

கல்யாண போட்டோவைக் காட்டினேன். அதில் இருக்கும் பையனை விரலால் தடவி, "இவுருதான்" என்றாள். என்னைப் பார்த்து வெட்கப்பட்டு போட்டோவைக் கவிழ்த்துவிட்டாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. போட்டோவில் இருப்பவனுக்கும் எனக்கும் நடுவில் நிற்பது இந்த வெள்ளைதான். அதை எடுத்துவிட்டால் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான்.

உன்னைப் பற்றி நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். அந்த வருஷத்தில் நீ பிறக்கவே இல்லை கண்ணு.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, இருவருக்கும்.

துளசிங்கம்


மஸ்கட்
21.7.1989

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் உடம்பும் அத்தையின் உடம்பும் நலமாக இருக்கட்டும். நான் பிறக்கவே இல்லை என்று எழுதிய வரிக்கு இங்கே பதில் எழுதவில்லை. அழுது முடித்தாகிவிட்டது.

வேலையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கார ஓமானிப் பாட்டிக்கு வயது எவ்வளவு என்று அவருக்கே தெரியாது, தலை மட்டும் காக்கை இறகு. கடைச் சரக்கே இல்லை, எல்லாம் வீட்டில். நீங்கள் செய்த மருதாணி தப்பே இல்லை, பாதி வேலை அது. மறுநாள் அதன்மேல் அவுரி இலைப் பொடி போட வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு கரைத்து, கரைத்த உடனே பூசுங்கள், ஊறவைத்தால் வீரியம் போய்விடும். வெறும் தண்ணீரில் அலசுங்கள். அன்றைக்கு எண்ணெய், சீயக்காய் எதுவும் கூடாது. முதலில் பச்சையாகத் தெரியும். பயப்படாமல் காற்றாட இருங்கள். காற்றுதான் கறுப்பாக்கும் என்கிறார் பாட்டி. ஆனால் முதலில் காதுக்குப் பின்னால் துளி வைத்துப் பாருங்கள், அரிப்பு வந்தால் வேண்டாம்.

பேபி ஆன்ட்டியைப் பூசிவிடச் சொல்லுங்கள். போட்டோவில் உங்களுக்கு மீசை கோடு மாதிரி இருக்கும், மறந்துவிடாதீர்கள்.

ஜெயா


ராஜகீழ்ப்பாக்கம்
30.8.1989

அன்புள்ள ஜெயாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசி. உங்கள் வீட்டுக்காரப் பாட்டிக்கு என் கும்பிடு. அவர் காலில் விழ மஸ்கட் வர வேண்டுமென்றால் வருகிறேன்.

முதல் நாள் மருதாணி, மறுநாள் அவுரி. பேபி அக்கா கையில் உறை மாட்டிக்கொண்டு வகிடு வகிடாகப் பிரித்துப் பூசினாள். அலசிய பிறகு என் தலை பாசி படிந்த குளம். லாசரஸ் அண்ணன் பார்த்துவிட்டு, "பள்ளிக்கரணை ஏரியில வுழுந்து எழுந்தியா?" என்றார். வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு, பேபி அக்காவின் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜெயா, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. பச்சை மெல்ல நீலமானது. மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம். அப்புறம் எந்த நேரத்தில் என்று சொல்ல முடியாது, நீலம் உள்ளே போய்க் கறுப்பு மேலே வந்தது. ஒருவரும் தொடவில்லை, காற்றுதான். லாசரஸ் அண்ணன் கேலியை விட்டுவிட்டுக் கிட்டே வந்து நின்றார். "யேசுவே" என்று மட்டும் சொன்னார். கண்ணாடியில் கோடு மீசையோடு கல்யாண போட்டோக்காரன் என்னைப் பார்த்தான். கன்னம் மட்டும் கொஞ்சம் தொங்கிப் போயிருந்தது.

சாயந்திரம் வண்டி வரும் வழியாகவே, கொல்லைப்புறம் சுற்றி, வாசலுக்கு வந்தேன். அத்தை வாசல்படியில் சொம்போடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் எழவேண்டியது இல்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள். முந்தானையை இழுக்கவில்லை. குனிந்து சொம்பைத் தரையில் வைக்கவில்லை.

என் கையில் கொடுத்தாள்.

"இன்னா மச்சான், இவ்ளோ நேரம்? பாவம் மாமா, உங்கள எதிர்பாத்து எதிர்பாத்து ஒக்காந்துகினே இருந்தாரு."

சொம்பைப் பிடித்துக்கொண்டே "எங்க அவுரு?" என்று கேட்டேன். "உள்ளாற தூங்குறாரு போல. எழுப்பாதீங்க. கால அலம்பிக்கினு வாங்க, சேத்தோட வராதீங்க" என்றாள்.

காலில் சேறு இல்லை. இருந்தாலும் போய் அலம்பிக்கொண்டு வந்தேன். மூடி வைத்த சோற்றைத் திறந்து போட்டாள். இத்தனை மாதமாக என் எதிரில் மூடியிருந்த சோறு.

இதில் நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமே இல்லை.

துளசிங்கம்


மஸ்கட்
18.9.1989

அன்புள்ள மாமாவுக்கு, நாங்கள் நலம், இந்தக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு இன்னும் நலம்.

இவருக்கு ஜனவரியில் லீவு. பொங்கலுக்கு வருகிறோம். டிக்கெட் எடுத்துவிட்டோம். எடுத்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நான் வாசலில் வந்து நின்றால் அத்தையிடம் என்னை யார் என்று சொல்வீர்கள்? ஊரிலிருந்து வந்த ஒரு பெண் என்றா? அப்படிச் சொன்னாலும் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். சொல்லி வைத்துவிடுங்கள், நானும் அப்படியே நடந்துகொள்கிறேன்.

ஜெயா


ராஜகீழ்ப்பாக்கம்
10.12.1989

அன்புள்ள ஜெயாவுக்கு, மழை விட்டது, இருவரும் சுகம். இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது, கேள்.

முடி வளர வளர அடியில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. அத்தை பார்க்கும் முன்பே பேபி அக்கா பூசிவிடுவாள். ஐப்பசியில் ஒரு தரம் இடது காதுக்கு மேலே ஒற்றை முடியை விட்டுவிட்டாள். எனக்குத் தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அத்தை கிட்டே வந்து உற்றுப் பார்க்கிறாள். "மச்சான், இங்க ஒண்ணு வெள்ளையா கீது."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அடுத்த வார்த்தை 'மாமா'தான் என்று காத்திருந்தேன்.

அவள் சிரித்தாள். "கெழவனாயிட்டீங்க." அந்த முடியை விரலில் சுற்றிக்கொண்டு, "இது எப்ப நரைச்சுது?" என்றாள்.

உனக்குத்தான் தெரியுமே, வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். "ஜெயா நம்ம வூட்டுக்கு வந்த வருஷம்" என்றேன்.

"ஜெயா யாரு?"

"எங்கக்கா மவ. அக்கா போயிட்ட பிறகு இங்க தூக்கியாந்தோம். இம்மாந்தூண்டு. உன் முந்தானையப் புடிச்சிகினாதான் தூங்குவா."

அவள் முந்தானையை எடுத்து நுனியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தரமும் பேபி அக்காவிடம் சொல்லி ஒரு முடியைப் பூசாமல் விட்டு வைக்கிறேன். அத்தை தேடிக் கண்டுபிடிப்பாள். "இது?" என்பாள். அது கிணறு வெட்டிய வருஷம். இது நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்து அழுத வருஷம். போன வாரம் அப்பா இறந்த வருஷத்து முடியைக் காட்டினேன். சேதி இப்போதுதான் வந்தது மாதிரி உட்கார்ந்து அழுதாள். பிறகு உள் அறைக் கதவைத் திறந்து, காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஊருல எல்லாரும் நரைய மறைக்க டை அடிப்பான், இவன் நரைய வளக்க அடிக்கிறான்" என்கிறார் லாசரஸ் அண்ணன். அடிக்கட்டும் கேலி. இப்படியே முடி முடியாக விட்டுக்கொண்டு வந்தால், என் தலை முழுக்க வெளுக்கும் நாளில் அவளுக்கு முப்பது வருஷமும் தெரிந்திருக்கும். அன்றைக்கு நான் கிழவனாகவே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

நீ வரும் சேதியைச் சொன்னேன். இந்தக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஓரத்தில் இருப்பது அவள் எழுத்து.

துளசிங்கம்

*ஜெயாவுக்கு. உன் முகம் எனக்கு நெனப்பு வரல. நீ வந்த வருஷத்து முடி உன் மாமன் இடது காதுக்கு மேல கீது, தினம் அத்தப் பாக்கிறேன். முந்தானைய மடிச்சு வச்சிருக்கேன். வந்து புடிச்சிக் காட்டு. கிளியம்மாள்.*